முனை நோக்கி இறங்கும் இலைகள்

அக்டோபர் 9

சின்னவளுக்கு,

போன் பண்ணினால் நீ எடுக்கமாட்டாய். எடுத்தாலும் "ம்" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுத் தம்பி கையில் கொடுத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். போன் மாதிரி இதைப் பாதியில் வெட்ட முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதென்றால் கடைசிவரை படித்துவிட்டுக் கிழி.

இங்கே எல்லோரும் நலம். இந்த வார்த்தையை வருஷக்கணக்கில் ஒப்புக்கு எழுதிக்கொண்டிருந்தவள் நான். இப்போது நிஜமாகவே எழுதுகிறேன். உன்னைக் கட்டிக்கொண்ட தம்பி கொடுத்த சிறுநீரகம், அவர் அண்ணனான என் வீட்டுக்காரர் வயிற்றில் சமர்த்தாக வேலை பார்க்கிறது. மறுபடி ஓட்டுநர் பள்ளியில் கார் சொல்லிக்கொடுக்கப் போக ஆரம்பித்துவிட்டார். டிவியில் கார் வேகமாக வந்தால்கூட சோபாவில் உட்கார்ந்தபடி பிரேக்கை மிதிக்கிறார். சாப்பாட்டு மேசையில் முழு டம்ளர் தண்ணீரை எடுத்து, அளக்காமல், யாரையும் கேட்காமல், மடக் மடக்கென்று குடிக்கிறார். டயாலிசிஸ் காலத்தில் தாகம் என்று கெஞ்சினவருக்குப் பாட்டில் மூடியில் அளந்து ஊற்றினவள் நான். காலையில் குளியலறையில் அவர் ஒன்றுக்குப் போகிற சத்தம் கேட்டால் அடுப்பங்கரையில் நின்று தனியாகச் சிரிக்கிறேன். வெட்கம்கெட்டவள் என்று நினைத்துக்கொள், பரவாயில்லை. அந்தச் சத்தமே இல்லாமல் கிடந்த வீடு இது.

சரி, வந்த காரியத்துக்கு வருகிறேன். நான் ஒரு சால்வை பின்னிக்கொண்டிருக்கிறேன். கம்பளி நூலில், லேஸ் மாதிரி ஓட்டை ஓட்டையாக. நாம் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தபோது நீ எனக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தாயே, அதை வைத்துக்கொண்டுதான். டயாலிசிஸ் அறைக்கு வெளியே காத்திருந்த காலத்தில் மப்ளர் மப்ளராகப் பின்னிக் கை கொஞ்சம் பழகிவிட்டது. வீடு பிரிந்தபோது நீ விட்டுப்போன பொத்தான் டப்பாவில், உன் கையெழுத்தில், இந்தச் சால்வைக்கான குறிப்பு மடித்துக் கிடந்தது. "இரண்டு சேர், நூல் சுற்று, மூன்று பின்னு" என்று வரி வரியாக எழுதியிருக்கிறாய்.

நடுப்பகுதி முடிந்துவிட்டது. முக்கோணம் நன்றாகவே வந்திருக்கிறது. கழுத்துப் பக்கம் நேர்கோடு, கீழே இரண்டு சரிவு, முதுகில் தொங்க ஒரு முனை. அந்த இரண்டு சரிவிலும் இலை இலையாக ஓரம் வைக்க வேண்டும். அதில்தான் மாட்டிக்கொண்டேன். அலமாரிக் கதவில் நீ திரும்பி நின்று உன் சால்வையைக் காட்டுகிற படம் ஒட்டியிருக்கிறது. அதில் வலதுபக்கச் சரிவில் இலைகள் மேல்நோக்கி ஏறுகின்றன. என்னுடையதில் முனையைப் பார்த்து இறங்குகின்றன. அவிழ்த்துப் பின்னினேன், திரும்ப இறங்குகிறது. திரும்ப அவிழ்த்தேன். நூலெல்லாம் நனைந்த பூனை மாதிரி ஆகிவிட்டது. உன் தாளில் ஏதாவது தப்பு இருக்குமோ?

சால்வை ஒருத்திக்குக் கொடுப்பதற்கு. யார் என்று பிறகு சொல்கிறேன். குளிர் முற்றுவதற்குள் முடிக்க வேண்டும். பதில் போடு. திட்டியாவது போடு.

அக்கா


அக்டோபர் 17

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. நீங்கள் பின்னல் பற்றிக் கேட்டிருப்பதால் பின்னல் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

தாளில் தப்பு இல்லை. அந்தத் தாளை வைத்து நான் எத்தனையோ பின்னியிருக்கிறேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இரண்டு கண்ணியைச் சேர்க்கும்போது ஊசியை முன்பக்கமாகக் குத்துகிறீர்களா, பின்பக்கமாகவா என்று பாருங்கள். மாற்றிக் குத்தினால் இலை மறுபக்கம் சாயும். அதுதான் நடந்திருக்கும். உங்களுக்கு அவசரம் அதிகம்.

இன்னொன்று. நீள ஒயர் வைத்த வட்ட ஊசியில் எல்லாக் கண்ணிகளும் இருக்கும் இல்லையா, அவற்றுக்குள் வேறு நிறத் தையல் நூல் ஒன்றை ஓட்டி வையுங்கள். ஓரத்தை எத்தனை தடவை அவிழ்த்தாலும் அவிழ்ப்பு அந்த நூலோடு நின்றுவிடும். நடுப்பகுதி தப்பிக்கும். இதை அப்போதே சொல்லிக்கொடுத்தேன். நீங்கள் காதில் வாங்கவில்லை.

பெரியவர் தேறியதில் சந்தோஷம். இதை ஒப்புக்கு எழுதவில்லை. மாத்திரையை நேரம் தவறாமல் போடச் சொல்லுங்கள். டிவியில் பிரேக் போட்டது போதும்.

யாருக்குப் பின்னுகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்கு நன்றி கின்றி என்று எதுவும் எழுத வேண்டாம். நான் எழுதுவது உங்கள் தம்பிக்குத் தெரியாது.

இப்படிக்கு,
சின்னவள்


அக்டோபர் 26

சின்னவளுக்கு,

கூடமும் கோணல் இல்லை, ஆடுகிறவளும் கோணல் இல்லை. நீ சொன்னபடி முன்பக்கமாகத்தான் குத்துகிறேன். தாளில் இருப்பதை ஒரு எழுத்து பிசகாமல் செய்கிறேன். ஆனாலும் அந்த இலைகள் மாமியார் வீட்டிலிருந்து அம்மா வீட்டுக்கு ஓடுகிற பெண் மாதிரி இறங்கிக்கொண்டேதான் இருக்கின்றன. தையல் நூல் ஓட்டி வைத்தது மட்டும் நல்லதாகப் போயிற்று. சிவப்பு நூல். நேற்று ஆத்திரத்தில் இழுத்த இழுப்புக்கு அது இல்லையென்றால் நடுப்பகுதியும் போயிருக்கும்.

எங்கள் சலவைக் கடை முதலாளியம்மா மதிய இடைவேளையில் என் கையிலிருந்து அதை வாங்கிப் பார்த்தாள். கம்பளியை வெந்நீரில் போட்டுச் சுருக்கிக்கொண்டு வந்த வாடிக்கையாளர்களைப் பார்த்துப் பார்த்து அவளுக்குக் கம்பளி என்றாலே கோபம். "முடிச்சதும் எங்கிட்டயே கொண்டா, நான் பச்சைத் தண்ணியில அலசி, ஊசி குத்தி விரிச்சுக் காயவெச்சுத் தரேன். வேற எவ கையும் அதுல படக் கூடாது" என்றாள். அவள் ஒன்றை இலவசமாகச் செய்து தருகிறேன் என்றால் சால்வை நன்றாகத்தான் இருக்க வேண்டும்.

நான் சொல்வது உனக்குப் புரியவில்லை என்று நினைக்கிறேன். அதனால் ஓரத்தில் நான்கு இலை மட்டும் தனியாகப் பின்னி இதில் வைத்திருக்கிறேன். விரலால் தடவிப் பார். எங்கே தப்பு என்று சொல்.

அளவு பற்றியும் ஒரு சந்தேகம். வாங்கிக்கொள்ளப் போகிறவள் நாள் முழுக்க உட்கார்ந்து குனிந்து வேலை செய்கிறவள். பின்கழுத்தில் ஏசிக் காற்று நேராக அடிக்கிறதாம். ஆள் ஒல்லி. குளிருகிறது என்று வாய்விட்டுச் சொல்கிற ஜாதி இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பாள். அப்படிப்பட்டவளுக்கு முனை இடுப்பு வரை வந்தால் போதுமா, இன்னும் கீழே இறங்க வேண்டுமா?

அக்கா


நவம்பர் 3

அக்காவுக்கு,

மூக்குக்கண்ணாடிக் கடையில் ஏசிக்கு அடியில் குனிந்து உட்கார்ந்து கண்ணாடி தேய்க்கிற ஒல்லிப் பெண்கள் இந்த உலகத்தில் எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும்? என்னை என்ன சின்னக் குழந்தை என்று நினைத்தீர்களா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை உங்களுக்கு எப்போதுமே வராது.

எனக்கு வேண்டாம். ஒரு சிறுநீரகத்துக்கு ஒரு சால்வை, நல்ல பண்டமாற்று.

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுத வைத்துவிட்டீர்கள். எனக்கு எப்படித் தெரிந்தது என்று உங்களுக்குத் தெரியுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோயிற்று என்று சொல்கிற அதே குரலில், "அடுத்த மாசம் அண்ணனுக்கு ஆபரேஷன். கொடுக்கறது நான்தான்" என்றார். அதற்குள் எல்லாச் சோதனையும் முடிந்திருந்தது. வெளியூரில் லிஃப்ட் மாட்டுகிற வேலை என்று என்னிடம் சொல்லிவிட்டு, உங்கள் ஊருக்கு வந்து, உங்கள் வீட்டில் தங்கி, உங்கள் கையால் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார். தட்டில் சோறு போட்டீர்களே, ஒரு போன் போட்டீர்களா?

பெரியவருக்குக் கிடைத்ததில் எனக்கு வயிற்றெரிச்சல் என்று ஒரு நாளும் நினைக்காதீர்கள். அவர் என்னைத் தங்கச்சி மாதிரி வைத்துக்கொண்டவர். என் கோபம் வேறு. என் வீட்டு மனுஷரின் வயிற்றைக் கிழிக்கப் போகிறார்கள், அது என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நான் அந்த வீட்டில் யார்?

இப்போது அந்த நான்கு இலை. எடுத்து மேசை ஓரத்தில் எறிந்தேன். பிறகு எடுத்துப் பார்த்தேன். தப்பே இல்லை. ஒவ்வொரு கண்ணியும் சரியாக இருக்கிறது. எனக்கே புரியவில்லை. என் ஊசியை எடுத்து, அதே வரிகளைப் பார்த்து நானும் நான்கு இலை பின்னினேன். பக்கத்தில் வைத்தபோதுதான் தெரிந்தது. என்னுடையது ஒரு பக்கம் சாய்கிறது, உங்களுடையது மறு பக்கம்.

அக்கா, நான் இடக்கைக்காரி. அந்தக் குறிப்பை என் கைக்கு எழுதியிருக்கிறேன். நான் இடது கோடியில் தொடங்கி வலதுபக்கம் நகர்வேன், நீங்கள் வலது கோடியில் தொடங்கி இடதுபக்கம் நகர்கிறீர்கள். எதிரில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்ததால் இது அப்போது தெரியவே இல்லை. நிலைக்கண்ணாடியைப் பார்த்துத் தலைவாருகிற மாதிரி என்னைப் பார்த்து நீங்கள் செய்தீர்கள். தாளுக்கு எதிரில் யாரும் உட்கார முடியாதே.

அதனால் அவிழ்க்காதீர்கள். உங்கள் இலை உங்கள் கைக்குச் சரி. அப்படியே பின்னி வேறு யாருக்காவது கொடுங்கள்.

சின்னவள்


நவம்பர் 11

சின்னவளுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். கோட்டு வாங்க வந்தவரிடம் யாருடைய புடவையையோ எடுத்து நீட்டிவிட்டேன். முதலாளியம்மா என்னை இஸ்திரி அறைக்குப் போய் உட்காரச் சொன்னாள்.

நீ கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறேன். சோதனைக்கு வந்தபோது தம்பியிடம் முதலில் கேட்டதே அதுதான். "அவகிட்ட சொல்லியாச்சா?" என்றேன். "அவளுக்குத் தெரியும் அண்ணி, அவதான் அனுப்பி வெச்சா" என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னார். நான் நம்பினேன். உடனே உனக்குப் போன் பண்ணி அழுதிருக்க வேண்டும், கையைப் பிடித்துக்கொள்ள ஓடி வந்திருக்க வேண்டும். செய்யவில்லை. சந்தோஷம் வந்தவளுக்குக் காது மந்தமாகிவிடும் போலிருக்கிறது. எனக்கு அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை, அவர் பிழைத்துக்கொள்வார் என்பதைத் தவிர.

பிறகு நீ ஆஸ்பத்திரிக்கு வந்தாய். என்னைப் பார்த்தும் பேசவில்லை. எங்கள் வீடு இரண்டு தெரு தள்ளி இருக்க, நீ ஆஸ்பத்திரிக்கு எதிரில் ஒரு அறை எடுத்துத் தங்கினாய். நான் வராந்தாவின் இந்தக் கோடியிலும் நீ அந்தக் கோடியிலுமாக உட்கார்ந்திருந்தோம். பயத்தில் இருக்கிறாய், பிறகு பேசுவாய் என்று நினைத்துக்கொண்டேன். தையல் பிரிக்கிற வரைக்கும் நீ பேசவே இல்லை.

ஆனால் சின்னவளே, நீ சாப்பாடு கொண்டு வந்தாய். அந்த ஒற்றை அறையில், ஒரே ஒரு மின்சார அடுப்பில் சமைத்து, தினமும் இரண்டு டப்பா. ஒன்றை உன் வீட்டுக்காரர் கட்டில் பக்கம் வைப்பாய். இன்னொன்றை நர்ஸ் கையில் கொடுத்து அடுத்த அறைக்கு அனுப்புவாய். முதல் நாள் அதைத் திறந்து நான் ருசி பார்த்தேன், அவருக்குக் கொடுக்கலாமா என்று. உப்பே இல்லை. கோபத்தில் மறந்துவிட்டாய் என்று நினைத்தேன். மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாளும். உப்பில்லாத குறையே தெரியாத மாதிரி எலுமிச்சை பிழிந்து, சீரகம் தட்டிப் போட்டிருந்தாய். தம்பி டப்பாவில் உப்பு இருந்தது, அவரைக் கேட்டேன். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காதவள், என் புருஷனுக்கு உப்பு ஆகாது என்பதை ஒரு வேளைகூட மறக்கவில்லை.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். உப்பில்லாமல் போட்டவளை என்ன செய்வது என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. அதனால் நானாக ஒரு வழி பண்ணினேன், அதுதான் இந்தச் சால்வை. சிறுநீரகத்துக்கு நன்றி சொல்ல வேண்டியது அவர் அண்ணன், சொல்ல வேண்டியது தம்பியிடம். அது அவர்கள் பாடு. நான் பின்னுவது அந்த டப்பாவுக்கு. பண்டமாற்று இல்லை. அதற்கு மாற்றாகக் கொடுக்க என்னிடம் பண்டம் எதுவும் இல்லை.

நீ எழுத வேண்டாம் என்றதை எழுதிவிடுகிறேன். உனக்கு நன்றி. நீ வாங்கிக்கொண்டாலும் சரி, வாங்கிக்கொள்ளாவிட்டாலும் சரி. வேறு யாருக்கும் இதைக் கொடுக்கமாட்டேன். வேண்டாம் என்றால் ஓரமில்லாமல் அலமாரியில் கிடக்கட்டும்.

அக்கா


நவம்பர் 24

அக்காவுக்கு,

எழுதத் தாமதமாகிவிட்டது. உங்கள் தம்பிக்கு ஒரு வாரம் காய்ச்சல். சாதாரணச் சளிக் காய்ச்சல்தான் என்றார் டாக்டர். ஆனால் உள்ளே ஒன்றே ஒன்றை வைத்திருக்கிறவரின் காய்ச்சலை எனக்குச் சாதாரணமாகப் பார்க்கத் தெரியவில்லை. நெற்றியைத் தொட்டுத் தொட்டு அவர் தோல் தேய்ந்திருக்கும். "ஒண்ணு போதும்டி, கார்ல ஸ்டெப்னி இல்லாமலும் ஊர் போய்ச் சேரலாம்" என்கிறார். ரத்தச் சோதனை முடிவு வந்துவிட்டது, எல்லாம் சரியாக இருக்கிறது. பெரியவரிடம் இதைச் சொல்லி அவரைக் கலவரப்படுத்த வேண்டாம்.

படுத்திருந்தவர் சும்மா இருக்காமல் என் தையல் பெட்டியைக் குடைந்திருக்கிறார். உங்கள் கடிதம் எல்லாவற்றையும் படித்துவிட்டார். நான் கடையிலிருந்து வந்து பார்த்தால், திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி போர்வைக்குள் உட்கார்ந்திருக்கிறார். உங்களிடம் எனக்குத் தெரியும் என்று சொல்லி, என்னிடம் வெளியூர் வேலை என்று சொல்லி, இரண்டு பக்கமும் புளுகிவிட்டு ரசம் குடித்த மனுஷர். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று அன்றைக்குத்தான் முதல்தடவையாகக் கேட்டேன். இத்தனை நாள் சண்டைதான் போட்டேனே தவிர, கேட்கவில்லை. "கேட்டா நீ வேண்டாம்னு சொல்லிடுவியோன்னு பயம். நீ வேண்டாம்னா உன்னை மீறி எனக்குப் போகத் தெரியாது. அண்ணன் போயிடுவான்" என்றார்.

அக்கா, நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கமாட்டேன். இதுதான் எனக்கு ஆறாமல் கிடப்பது. அழுதிருப்பேன், இரண்டு நாள் சமைக்காமல் படுத்திருப்பேன், கடைசியில் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். பெரியவரைச் சாக விட்டுவிட்டு நான் எந்த முகத்தோடு கண்ணாடி தேய்ப்பது? ஆனால் யாரும் கேட்கவில்லை. அந்த 'சரி'யைச் சொல்ல ஒரு இடம் கிடைக்காமல் இன்னும் வாயிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். அதனால்தான் வேறு எதையும் பேச முடியவில்லை போலிருக்கிறது.

அந்த டப்பா விஷயத்தை நீங்கள் கவனித்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. யாரும் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். படித்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன். எழுதியதற்குச் சந்தோஷம்.

சால்வையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் நான்கு இலையையும் என் நான்கு இலையையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன். என் பழைய சால்வையில் எனக்கே பிடிக்காத ஒரு விஷயம் உண்டு. ஒரே ஆள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பின்னினால், இலை எல்லாம் ஒரே பக்கமாகத்தான் சாயும். அதனால் ஒரு சரிவில் முனையைப் பார்த்து இறங்கும், மறு சரிவில் முனையை விட்டு ஏறும். போர்த்திக்கொண்டால் முதுகே கோணலாகத் தெரியும். நீங்கள் தனியாகப் பின்னினாலும் அதே கதிதான். வலது கோடியிலிருந்து ஒரு வலக்கைக்காரியும், இடது கோடியிலிருந்து ஒரு இடக்கைக்காரியும் வந்தால் மட்டும்தான் இரண்டு சரிவிலும் இலைகள் இறங்கி முனையில் வந்து சேரும்.

சும்மா தோன்றியதைச் சொன்னேன்.

சின்னவள்


டிசம்பர் 1

சின்னவளுக்கு,

சும்மா தோன்றியதாம். நீ சும்மா எதையும் சொல்லி நான் பார்த்ததில்லை.

உன் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். காய்ச்சல் பகுதியை விட்டுவிட்டுத்தான், பயப்படாதே. தம்பி சொன்ன பகுதி வந்ததும் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அங்கிருந்தே, "அவளை யாராவது கேட்டிருக்கணும்" என்றார். அப்புறம், "யாராவது என்ன, நான்தான்" என்றார். என்னைவிட அவருக்குத்தான் பேசத் தெரிந்திருக்கிறது. அவரே எழுதுகிறேன் என்று பேனாவை எடுத்தார். மூன்று தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு நீயே கேள் என்று என்னிடம் தள்ளிவிட்டார். ஆகவே இரண்டு பேர் சார்பிலும் கேட்கிறேன்.

உன் வீட்டுக்காரரின் சிறுநீரகத்தை நாங்கள் எடுத்துக்கொள்ளலாமா?

காலம் கடந்த கேள்விதான். நீ முடியாது என்று சொன்னாலும் திருப்பித் தர வழியில்லை, அதைத் தையல் நூல் ஓட்டி வைத்து அவிழ்க்க முடியாது. ஆனாலும் இது கேட்க வேண்டிய கேள்வி, உன்னைத்தான் கேட்க வேண்டும். இதைப் படித்துவிட்டு நீ இரண்டு நாள் சமைக்காமல் படுத்துக்கொள்வதானால் படுத்துக்கொள். தம்பியை ஓட்டலில் சாப்பிடச் சொல். நாங்கள் காத்திருக்கிறோம்.

சால்வை விஷயம். வலது கோடியிலிருந்து என் இலைகள் இறங்க ஆரம்பித்துவிட்டன. இப்போது அவற்றைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருவதில்லை. முனைக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்திக்கொள்வேன். வட்ட ஊசிக்கு இரண்டு மூக்கு இருக்கிறதே, இடதுபக்க மூக்கில் கண்ணி நழுவாமல் ஒரு பாட்டில் கார்க்கைக் குத்தி வைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தை நான் தொடப் போவதில்லை.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, பழைய வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நீ யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் முழங்கை இடிக்கும். எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்தால் மட்டும் இடிக்காது. சோபாவில் அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது. உன் பெரியவர் அதில் உட்கார்ந்து பிரேக் மிதிக்காமல் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா


டிசம்பர் 8

அக்காவுக்கு, பெரியவருக்கும்தான்,

சமைக்காமல் படுக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் உங்கள் தம்பி பயந்துபோய்த் தானே சமைக்கக் கிளம்பினார். ஒரு வேளை சாப்பிட்டேன். அடுத்த வேளைக்கு நானே எழுந்து போய்விட்டேன். லிஃப்ட் கம்பிக்குப் போடுகிற கிரீஸைப் பருப்பில் ஊற்றியிருப்பாரோ என்று இன்னும் சந்தேகம்.

கடையில் வியாழன், வெள்ளி, சனி லீவு கேட்டிருக்கிறேன். எதற்கு என்று மேனேஜர் கேட்டார். குடும்பத்தில் ஒரு வேலை பாதியில் நிற்கிறது என்றேன். வியாழக்கிழமை மத்தியான பஸ்ஸில் இரண்டு பேரும் வருகிறோம். இந்தத் தடவை தனி அறை எடுக்கவில்லை. என் ஊசியை நானே கொண்டு வருகிறேன், உங்களுடையது வழுக்கும். உங்கள் பின்னல் கொஞ்சம் தளர்த்தி, என்னுடையது இறுக்கம். முனையில் சேரும்போது என் இலை ஒரு சுற்றுச் சின்னதாகத்தான் இருக்கும். அதற்காக நீங்கள் மறுபடி எதையும் அவிழ்க்கக் கூடாது, இப்போதே சொல்லிவிட்டேன். சின்னவள் சின்னதாகத்தான் பின்னுவாள். முதலாளியம்மாவிடம் பச்சைத் தண்ணீர் தயாராக வைக்கச் சொல்லுங்கள்.

முனை இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வரட்டும். ஏசிக் காற்று அங்கேயும் அடிக்கிறது.

சமையலை நான் பார்த்துக்கொள்கிறேன். பெரியவருக்கு இப்போது எவ்வளவு உப்பு சேர்க்கலாம் என்று டாக்டரைக் கேட்டு வையுங்கள்.

அக்கா, நீங்கள் நன்றி சொன்னீர்கள். எனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பலன் எதுவும் இல்லை என்று தெரிந்தும் என்னைக் கேட்டீர்களே, அதற்கு. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். இத்தனை மாசத்தில் அன்றைக்குத்தான் தொண்டையில் ஒன்றும் அடைக்காமல் இறங்கியது.

பெரியவர் கசக்கிப் போட்ட தாள்களை எடுத்து வையுங்கள், வந்து படிக்கிறேன். அவரிடம் இதை மட்டும் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: சரி. எடுத்துக்கொள்ளுங்கள்.

சின்னவள்